சேறு பட்டால் செல்லாத உத்தரவாதம்

"கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க" என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் பேச்சு. ஜீப் கம்பெனிக்காரர்கள் அதையும் மிஞ்சினார்கள். வண்டியிலிருந்து ஒயில் வடிகிறது என்றோம், வடியவே இல்லை என்றார்கள்.

வண்டி என் தம்பியுடையது. கல்யாணம் முடித்து சீகிரியாப் பக்கம் குடியேறியவன், அங்கே திரீவீல் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். குளக்கட்டிலும் கல்லுப் பாதையிலும் ஏறுகிற ஜீப் ஒன்று இருந்தால் விருந்தாளிகளை ஊர் பார்க்கக் கூட்டிப்போகும் வேலை உனக்குத்தான் என்று ஒரு ஹோட்டல் மனேஜர் சொல்லியிருந்தார். தம்பி திரீவீலை விற்றான், கடனும் பட்டான், புது ஜீப் வாங்கினான். விற்ற இடத்தில் சுவரை மறைத்து ஒரு பெரிய படம். இதே ஜீப் கழுத்துவரை சேறு பூசிக்கொண்டு பாறை மேல் நிற்கும்.

தார் ரோட்டில் அது பசு மாதிரி வந்தது. மேட்டில், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரைப் போட்டால்தான் குணம் தெரியும். படக்கென்று கியர் கழன்று வண்டி பின்னால் உருளும். முன்பக்கத்து அடியில் ஒயில் ஒழுகும். ஆட்களை ஏற்றிக்கொண்டு குளக்கட்டில் அப்படி உருண்டால் என்ன ஆகும்? சீசன் தொடங்குவதற்கு முன் ஒருமுறை ஏறிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று மனேஜரும் சொல்லிவிட்டார்.

மாத்தளைச் சந்தையில் நான் மிளகு, கராம்பு விற்கிறேன். கம்பெனியின் வேலைத்தளமும் மாத்தளையில்தான்; வொரன்டி இருக்கும்வரை பழுதை அங்கே இலவசமாகத் திருத்தித் தர வேண்டும். "அக்கா, நீ வந்து பேசு. அவங்க முன்னால எனக்கு வாய் வராது" என்றான் தம்பி.

வந்தான். சந்தை வாசலில் வண்டி மணப்பெண் மாதிரி மின்னியது. விடியற்காலையிலிருந்து அவனும் அவன் மனைவியும் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். அடியில் படுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் ஒயில் கறையெல்லாம் துடைத்திருக்கிறார்கள். பாதி வழியில் நாலந்தா ஊரில் நிறுத்தி, படிந்த தூசியையும் தட்டியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியம் போலத் தெரியும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தை ஆளும் பெரிய தொரை வருகிறார் என்றால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம், கூரை ஒழுகுகிற இடத்தை மறைத்துப் பாய் மாட்டுவோம். டொக்டரிடம் காட்டப் போகிற பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுத்தான் தூக்கிப் போவோம். அழுக்காகப் போனால் நோயைப் பார்ப்பதற்கு முன்னால் நம்மை ஏசுவார்கள் என்ற பயம், எங்கள் ரத்தத்தில் ஊறியது.

வேலைத்தளத்து அதிகாரி எங்கள் பக்கத்து ஆள்தான். கழுத்தில் டை. டோர்ச் அடித்து அடியில் பார்த்தார்.

"எங்கக்கா ஒயில்? கண்ணாடி மாதிரி இருக்கே."

"தொடச்சிட்டுத்தான் சார் கொண்டாந்தான்."

"தொடச்சத நான் என்னான்னு எழுதுறது?"

முற்றத்துச் சிமெந்துத் தரையில் ஒரு சுற்று ஓட்டினார்கள். குறை ஏதும் காணப்படவில்லை என்று எழுதித் தந்தார்கள்.

சரி, பாடம் படித்தோம். அடுத்த முறை குளக்கட்டுச் சேறும் ஒழுகிய ஒயிலுமாக அப்படியே கொண்டு போனோம். தம்பி மனைவியும் கூடவே வந்தாள். அதிகாரி கிட்டே வரவில்லை, தூரத்தில் நின்றே சொன்னார்:

"இது சேத்துல ஓட்டுன வண்டிக்கா. பாவிச்ச முறை பிழை. வொரன்டி கெடைக்காது."

சுத்தமாகப் போனால் நோயில்லை, அழுக்காகப் போனால் உன் குற்றம். மாமியார் ஒடைச்சா மண்கொடம், மருமக ஒடைச்சா பொன்கொடம் என்பதெல்லாம் இவர்களுக்கு முன்னால் பெரிய நியாயம். விற்ற இடத்தில் இருந்த அதே சேற்று ஜீப் படம் இங்கேயும் சுவரில் இருந்தது, அதைக் காட்டினேன்.

"அந்த ஜீப்பு குளிச்சிட்டா நிக்கிது?"

"அது விளம்பரம்க்கா."

"அப்ப அதுக்கும் வொரன்டி இல்லியா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு டையைச் சரிசெய்தார்.

"சரி சார், வண்டி நல்லதுன்னுதானே அன்னைக்கி எழுதிக் குடுத்தீங்க. அந்தா பின்னால மேடு இருக்கு. நீங்களே ஒருக்கா ஏறிக் காட்டுங்க."

"நான் ஏறப்படாதுக்கா. கம்பெனி ரூல்."

நல்ல ரூல். சமைத்தவனே சாப்பிடப் பயப்படுகிற கடையில் நமக்கு இலை போடுகிறார்கள்.

கடைசியில், கொழும்பிலுள்ள ஹெட் ஒபீசுக்கு எழுதி அனுப்புகிறேன், பதில் வரும் என்றார். எப்போது என்று கேட்டேன். வரும் என்றார். அதுவரை வெளியாள் யாரும் கழற்றக்கூடாது, கழற்றினால் வொரன்டி முடிந்தது என்று மறக்காமல் சேர்த்துக்கொண்டார். மனேஜர் முன்னால் ஏறிக் காட்ட வேண்டிய நாளோ அந்த வாரக் கடைசி. தம்பி அப்போதும், "பொறுத்துப் பாப்போம்க்கா, பெரிய கம்பெனிதானே" என்றான். பெரிய என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு முதுகு தானாக வளையும்.

ஜீப்பின் பின்சீட்டில் சோற்றுப் பார்சலோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த வொரன்டியக் கும்புடணும்னா சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க. சீசன் போனா சோறு யாரு போடுறது, கொழும்பா? அண்ணி, நல்ல கராஜ் ஒண்ணு சொல்லுங்க."

என்னிடம் மிளகு வாங்கும் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்போம், அவருடைய கராஜுக்குப் போனோம். ஒயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம் உள்ளே மடிந்து கிழிந்து கிடந்ததாம், மாற்றினார். கியரையும் கழற்றிச் சரிசெய்தார். தம்பி அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. வொரன்டிக்கு ஆபரேஷன் நடப்பது போல வாசலில் குந்தியிருந்தான்.

வாரக் கடைசியில் குளக்கட்டில் மனேஜரோடு நானும் ஏறி உட்கார்ந்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஜீப் ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. பின்னால் ஒரு சாண் உருளவில்லை. மனேஜர் இறங்கிக் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, நாளைக் காலையில் ஒரு குடும்பம் இருக்கிறது, வருவாயா என்று சிங்களத்தில் கேட்டார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். கீழே நின்ற அவன் மனைவிதான் வருவார் என்று கத்தினாள்.

கொழும்பின் பதில் சீசன் நடுவில் வந்தது. அதற்கு முன் அவர்கள் போனில் விசாரித்தபோது, நானா கழற்றிச் சரிசெய்ததைத் தம்பி உள்ளபடியே சொல்லியிருந்தான். அதிகாரியே எனக்குப் போன் எடுத்தார்.

"மறுத்துட்டாங்கக்கா. வெளியாள் கை பட்டிருக்காம்."

"வெளியாள் கை பட்டதுக்குப் பொறகுதான் சார் அது வண்டியாச்சி."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த நானாட கராஜ் எந்தப் பக்கம்? எங்க மச்சானும் இதே ஜீப்புத்தான் வாங்கியிருக்காரு."

வழி சொன்னேன். மச்சான் என்ன பாவம் செய்தார்.