செல்லத்தாய் எண்ணிய முப்பது நாள்

செல்லத்தாய்க்கு நாள் என்றால் வேலைக்குப் போன நாள்தான். போடியில் விடியக் கருக்கலில் ஜீப்பேறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தால் கூலி அட்டையில் ஒரு கோடு விழும். மழைக்கும் ஞாயிற்றுக்கும் கோடு கிடையாது. இருபத்திரண்டு வருசமாக அப்படித்தான் எண்ணினாள்.

போடியில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் ஏலக்காய் மூடை திருடினான் என்று அவள் புருசன் முத்துக்கண்ணனுக்கு ரெண்டு வருசம் போட்டார்கள். "நான் தொடலைய்யா" என்று கத்தினான். யார் கேட்டார்கள்? கொடுத்த தீர்ப்பு நகலை அவளிடம் நீட்டிவிட்டு ஜெயில் வண்டியில் ஏறினான். "முப்பது நாளுக்குள்ள அப்பீல் போட்டுறணும்த்தா" என்றார் கூட நின்ற ஏட்டு.

ஆடி மழை விட்டபாடில்லை. முப்பதாவது கோடு விழுந்த மறுநாள் நகலோடு தேனிக்கு பஸ்சேறினாள். வக்கீல் சூர்யகலா தேதியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"நாப்பத்தேழு நாளாச்சேக்கா!"

"முப்பதுதான் வக்கீலம்மா. இந்தா, அட்டையைப் பாருங்க."

"மழை நாளெல்லாம் எங்க?"

"அன்னைக்கு ஏது வேலை?"

வக்கீல் வெள்ளைத்தாளை இழுத்தாள். "பிந்துன பதினேழு நாளுக்கும் காரணம் சொல்லி மனுப் போடணும். மஞ்சக்காமாலைன்னு எழுதிருவோம். ஊரே அதைத்தான் எழுதுது."

"காமாலைக்காரி எப்படிம்மா காய் எடுத்தா? அட்டையே காட்டிக் குடுத்துரும். அப்புறம் அவரு சொல்றதையும் பொய்யின்னுருவாக."

அட்டையையே மனுவோடு சேர்த்தார்கள். வக்காலத்தில் கையெழுத்து வாங்க மதுரை ஜெயிலுக்குப் போனபோது, எண்ணிய கதையைக் கேட்டு முத்துக்கண்ணன் சீறினான். "கூறுகெட்டவளே, எனக்கு ஞாயித்துக்கிழமையும் கம்பிக்குள்ளதாண்டி விடியுது!" அவள் வக்காலத்துத் தாளை நீட்டினாள். கையெழுத்துப் போட்டான்.

கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்து, "நாள் எண்ணத் தெரியலைங்கிறது ஒரு காரணமா?" என்று சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாமதத்தை மன்னித்தார். அப்பீலுக்கு நம்பர் விழுந்தது. ஆள் வெளியே வரவில்லை. அப்பீலோடு போட்ட ஜாமீன் மனுவுக்குப் போலீஸ் பதில் போடவேண்டுமாம். பதினாலு நாள் தள்ளிவைத்தார்.

வாசலில் செல்லத்தாய் கேட்டாள்: "பதினாலுன்னா, ஞாயிறும் சேத்தாம்மா?"

"சேத்துத்தான்க்கா."

அட்டை கோர்ட்டுக் கட்டுக்குள் போய்விட்டது. பேனா வாங்கி உள்ளங்கையில் தேதியை எழுதினாள். காய்க்கறை ஏறிய கையில் மை பிடிக்கவில்லை. மறுபடியும் அழுத்தி எழுதினாள்.