டிவிக்குள் இன்னொரு ஆயாம்மா

மூக்குத் துடைத்துவிடுகிற உத்தியோகத்தில் ஒரு விதி உண்டு: பள்ளிக்கூடத்துக்கு எந்தப் புதுச் சாமான் வந்து இறங்கினாலும், முதலில் அதைத் தூசி தட்டுகிறவள் ஆயாம்மா, கடைசியில் அதனிடம் மாட்டிக்கொள்கிறவளும் ஆயாம்மா. போடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்துச் சின்னப் பள்ளிக்கூடம் எங்களுடையது. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கால் கழுவி, சோறு ஊட்டி, அழுகை அமர்த்துவது என் சோலி. இதே சோலி பார்க்கிற அக்கா தங்கச்சிகள் படித்தால் சிரிப்பார்கள். மற்றவர்கள் பாவப்பட்டால் போதும்.

முகம் கொடுத்த கதை

எங்கள் வகுப்பில் ரூபா என்று ஒரு பிள்ளை. அப்பாவும் அம்மாவும் வடக்கேயிருந்து வந்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள். அதற்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. சேர்ந்த நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மேலே எஸ்டேட்டிலிருந்து வருகிற மலையாளப் பிள்ளைகளும் உண்டு. இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் டீச்சர் ஒரு வழி கொண்டுவந்தாள். யாராவது கொஞ்ச நேரம் தமிழில் பேசினால் போதுமாம், அந்த ஏஐ என்கிறது அதே முகத்தை, அதே குரலை வைத்து எந்தப் பாஷையிலும் வீடியோ பண்ணிக் கொடுக்குமாம்.

முகம் யார் கொடுப்பது? ஒரு டீச்சருக்குப் பரு, ஒரு டீச்சருக்கு மாமியார். கடைசியில் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். "கையை ஆட்டாமப் பேசுங்க ஆயாம்மா" என்றாள் கம்ப்யூட்டர் டீச்சர். கையைக் கட்டிவிட்டால் எனக்குப் பேச்சே வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. எப்படியோ, "கை கழுவுங்க, வரிசையா நில்லுங்க, ஒண்ணுக்கு வந்தா எங்கிட்டச் சொல்லுங்க" என்று ஒப்பித்து முடித்தேன். மறுநாள் டிவியில் நான் இந்தி பேசினேன், மலையாளம் பேசினேன், இங்கிலீஷில் வேறு பொரிந்து தள்ளினேன். ஏழாம் வகுப்பில் என்னைப் பெயிலாக்கிய வாத்தியார் பார்த்திருக்க வேண்டும்.

பார்த்தவர் எங்கள் தாளாளர். வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாத மனுசன். ஆயாம்மா என்பது பள்ளிக்கூடத்துக்குத் தண்டச்செலவு என்று ரொம்ப நாளாகவே அவருக்கு ஒரு எண்ணம். டிவியில் இருந்த என்னையும் வாசலில் நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தம்மா லீவு கேக்காது போலயே!"

மாலையோடு வந்த அண்ணன்

அந்த ஏஐக்கு ஒரு குணம். முகத்தில் கறை கண்டால் தானாகவே துடைத்துவிடும். என் நெற்றியில் காலணா அகலத்துக்கு இருந்த குங்குமத்தை அது கறை என்று நினைத்துவிட்டது. அன்றைக்கு நான் கட்டியிருந்ததோ வெளுத்த யூனிபார்ம் சேலை. பொட்டில்லாமல், வெளிறிய சேலையில், கையாடாமல், சிரிப்பும் அழுகையுமில்லாத முகத்தோடு நான் பேசுகிற வீடியோ, பெற்றோர் குரூப்பிலிருந்து கைமாறிக் கைமாறி ராசிங்காபுரத்தில் என் அண்ணன் போனுக்குப் போய்விட்டது.

என் தாலிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறி எனக்குப் போன் போட்டிருக்கிறார்கள். வகுப்பில் அணைத்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் போன் அடித்தால் எடுக்கிற பழக்கமே இல்லாதவர். அண்ணனும் மதினியும் நாலு சொந்தக்காரர்களும் கோடிச் சேலையும் மாலையுமாக லோடு ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறார்கள். மதினி தெருமுனையிலேயே ஒப்பாரியை எடுத்துவிட்டாள். அதைக் கேட்டு, "யாரு வீட்டுல துட்டி?" என்று காப்பித் தம்ளரோடு வாசலுக்கு வந்தவர் என் வீட்டுக்காரர். நான் பள்ளி விட்டு வந்தபோது எல்லாரும் எங்கள் வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் சொன்னார்: "அவ டிவியில பேசுனதுக்கே மாலையோட வந்துட்டீக. நேர்ல தெனமும் கேக்குறவன் நான், எனக்கு என்னைக்கோ போட்ருக்கணும் மச்சான்!"

ஜீப்பில் ஒரு சம்மதம்

மேலே எஸ்டேட்டில் இருக்கும் என் தங்கச்சியைப் பார்க்கப் போடிமெட்டு ஜீப்பில் ஏறினேன். டிரைவர் ஷாஜி எப்போதும் பாதித் தமிழ், பாதி மலையாளம் பேசுகிறவர். அவர் அக்கா மகள் எங்கள் பள்ளிதான். நான் மலையாளம் பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. "சேச்சி, இத்தனை நாள் மறைச்சு வச்சீங்களே!" என்று ஆரம்பித்தவர், அப்புறம் ஒரு தமிழ்ச் சொல் கலக்காமல் மலை ஏறும்வரை மலையாளத்திலேயே கொட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நானாகத் தலையாட்டியது கொஞ்சம், ஜீப்பு ஆட்டிவிட்டது மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை ஷாஜி, பெண்டாட்டியையும் ஒரு பை நேந்திரங்காய் வறுவலையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். திருப்பூரில் இருக்கும் என் மகனுக்கு அவருடைய கொழுந்தியாளைத் தருவதாகப் பேச்சாம். நான் அத்தனைக்கும் சம்மதம் சொன்னேனாம். பேசினது நானில்லை, டிவியில் இருக்கிறவள் என்று சொல்லிப் பார்த்தேன். கும்பிட்டும் பார்த்தேன். வறுவலைத் திருப்பி வாங்காமல் எழுந்து நின்று ஷாஜி கேட்டார்: "மலை ஏறுற வரைக்கும் தலையாட்டிட்டு, இப்ப எறங்குறதுன்னா எப்படி சேச்சி?"

கண் மூடாத சாமி கும்பிடு

காலை வணக்கத்துக்கும் டிவியில் இருக்கிறவளையே நிறுத்திவிட்டார்கள். கை கூப்பி நிற்பாள், நல்லாத்தான் இருக்கும். ஆனால் கண்ணை மூடமாட்டாள். சாமியையே முறைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். நாலு நாளில் ஒரு பிள்ளையும் கண்ணை மூடிக் கும்பிடவில்லை. யார் கடைசிவரை இமைக்காமல் நிற்பது என்று பந்தயம் வேறு. "கண்ண மூடு ஆத்தா, அப்பத்தான் சாமி தெரியும்" என்று ஒரு குட்டியிடம் கெஞ்சினேன். அது டிவியைக் கை காட்டியது: "நீங்க மட்டும் தொறந்து வச்சிருக்கீங்க?"

வாளி

பள்ளியில் பேச்சு பலமாகிவிட்டது. எல்லாச் சொல்லையும் டிவியில் இருக்கிறவளே சொல்லிவிடுகிறாள், இந்த மாதத்தோடு ஆயாம்மாவை நிறுத்திக்கொள்ளலாம் என்று தாளாளர் முடிவெடுத்துவிட்டார் என்றார்கள். மாரியம்மன் கோயிலில் போய் நின்றேன். அந்த டிவி நாசமாய்ப் போகட்டும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதில் இருப்பது என் முகமாயிற்றே! என் முகம் நாசமாய்ப் போகட்டும் என்று நானே எப்படி வேண்டுவது? "ஆத்தா, நீயாப் பாத்துச் செய்யி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாதக் கடைசியில் தாளாளர் நேரில் பார்க்க வந்தார். என்னை வெளியே வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு, டிவியில் இந்தி வீடியோவைப் போடச் சொன்னார். ஒண்ணுக்கு வந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்று அவள் இந்தியில் சொல்லி முடித்ததும், ஒரு அதிசயம். ரூபா எழுந்தாள். டிவிக்கு முன்னால் போய் நின்று, முதல்முறையாக வாயைத் திறந்து, "மௌசி" என்றாள். அவர்கள் ஊரில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பிறகு என்னமோ இந்தியில் கேட்டாள். கம்ப்யூட்டர் டீச்சருக்கு ஆனந்தக் கண்ணீர். "பிள்ள பேசுதுங்கய்யா!" என்று கைதட்டினாள். தாளாளர் பெருமையாக நாலடி முன்னால் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றார்.

டிவியில் இருக்கிறவள் முகம் மாறாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். ரூபா இன்னொரு தடவை "மௌசி" என்றாள், காலைப் பின்னிக்கொண்டு. வராந்தாவிலிருந்த எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பின்னலுக்குப் பாஷை கிடையாது. வாளியை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பிள்ளை விசும்ப, வேட்டியின் கீழ்க்கரை ஈரமாகித் தாளாளர் ஒற்றைக்காலில் நின்றார்.

ரூபாவைத் தூக்கிக் கால் கழுவிவிட்டேன். அது என் மூக்கைத் தொட்டுப் பார்த்தது. டிவியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இந்தியில் பேச ஆரம்பித்தது. நான் தமிழில் பேசினேன். நாங்கள் இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை.

கம்ப்யூட்டர் டீச்சர் தாளாளரைச் சமாதானப்படுத்தினாள்: "அடுத்த அப்டேட்ல, பிள்ளைக கேக்குறதுக்குப் பதிலும் சொல்லும்ங்கய்யா." தாளாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கத்தினார்: "பதிலு சொன்னாப் போதுமா? தொடைக்கிறது யாரு? ஆயாம்மா, எங்கயும் போயிராதீங்க, வெரசா வாங்க!"

ஆக, நாலு பாஷை பேசுகிற நான் டிவியில் இருக்கிறேன், ஒரு பாஷையும் ஒரு வாளியும் வைத்திருக்கிற நான், மாரியாத்தா புண்ணியத்தில், இன்னும் வேலையில் இருக்கிறேன்.