அழுகைக்கு அடித்த மேளம்

ஊர் என்னை அழுகிறவள் என்றுதான் சொல்லும். நான் பாட்டுக்காரி. எலவனாசூர்கோட்டையிலிருந்து சின்னசேலம் வரைக்கும் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு என்னைத் தேடி ஆள் வரும். செத்தவர் வெட்டிய கிணறு, வளர்த்த மாடு எல்லாம் கேட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவேன். கண்ணில் ஒரு சொட்டு வராது. வந்தால் தொண்டை அடைத்துப் பாட்டு போய்விடும்.

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாட்கள் அவை. பஸ் இல்லை. வேலையில்லாமல் வீட்டில் கிடந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடுப்பு மூட்டும்போது வரும், தண்ணீர் சேந்தும்போது வரும், சும்மா இருந்தாலும் வரும். சோறு இறங்கவில்லை. பிறகு எல்லாரும் காரணம் கேட்டார்கள். காரணம் இருந்திருந்தால் அதைப் பாட்டாகக் கட்டியிருப்பேனே.

என் வீட்டுக்காரர் சாவு மேளம் அடிப்பவர். ஒருநாள் நான் அடுப்படியில் விசும்பிக்கொண்டிருக்க, மேளத்தைச் சூடு காட்டி எடுத்துவந்து வாசலில் உட்கார்ந்தார். என் விசும்பலுக்கு அடி போட்டார்.

"புதுசா பாட்டு கட்டிக்கினு இருக்க போல. இழுவ நல்லா வருது. அந்த எடத்த இன்னொரு தபா இழு."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் வந்து நின்றாள். "பொணம் இல்லாத வூட்ல இன்னா ஒப்பாரி? யார மேல அனுப்பி வெக்கப் பாக்குறா?"

"பழகிக்கினு இருக்கா, நீ போ" என்று அவர் சிரித்தார். ஒரு மாதம் இப்படியே அடித்தார்.

என்னோடு ஜோடி பாடும் அக்கா, ரோட்டில் இன்னும் அகற்றாமல் கிடந்த மரங்களை ஏறித் தாண்டி ஒரு சாவுச் சேதியோடு வந்தாள். போனோம். எதிரெதிரே உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் பாடுவோம். அன்றைக்குச் செத்தவர் பேரே என் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. "இன்னிக்கு இன்னாமா உருகுறா பாரு" என்று சுற்றி இருந்தவர்கள் மெச்சினார்கள். என் கண்ணீர் அக்காவின் தோளை நனைத்தது. அவள் பாட்டை நிறுத்திவிட்டாள்.

"இவ பாடல. நெசமா அழுவுறா."

மறுநாளே டவுனில் ஒரு டாக்டரிடம் நடத்தியே கூட்டிப்போனாள். வீட்டுக்காரரும் வந்தார். என்ன வேலை செய்கிறாள் என்று டாக்டர் கேட்டார்.

"அழுவுறதுதாங்க அதுக்கு வேல" என்றார் இவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப வேலை நல்லாத்தானே நடக்குது?"

சீ என்று இருந்தது. எழுந்து வந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தேன்.

"நான் பாடுறவ சார். பாடும்போது எனக்குக் கண்ணு கலங்குனதே இல்ல. இப்ப ஒரு மாசமா நிக்கல. இது நோவு. நோவுக்கு மருந்து குடுங்க."

சிரிப்பு நின்றது. மாத்திரை எழுதினார். அழுகை அடங்கவும் பசி திரும்பவும் வெகுநாள் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்: "பாடுறேன்னு சொன்னா அடிய்யா. சொல்லாம அழுதா, மோளத்தக் கீழ வெச்சிட்டு என் மூஞ்சியப் பாரு."

அதற்கப்புறம் குச்சியைத் தொடும் முன்னே, "பாடுறியா?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தை கேட்க அவருக்கு ஒரு மாதம் வாய் வரவில்லை.