கால் வலிக்குக் கழுத்தைப் பார்த்த டாக்டர்

போன வருட மழைக்காலத்தில், எங்கள் மலையில் இருக்கும் ரிங்லெட் டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் நடந்தது இது. பிள்ளைகளே, இன்றைக்கும் எனக்கு அதில் பாதிதான் புரிந்திருக்கிறது.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மிஷின் பிடிக்கிறவன். செடி வரிசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். எனக்கு ஜோடி என் மனைவியின் தம்பி. ஏறும்போதெல்லாம் என் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். நான் நின்றால் அவனும் நிற்க வேண்டும்.

"என்னா மச்சான், பாய் கொண்டாந்து விரிக்கவா?" என்பான்.

மலைக் குளிர் என்றுதான் நினைத்தேன். தைலம் தேய்த்துப் பார்த்தேன். கடைசியில் கங்காணியிடம், உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு வைத்தேன்.

அன்று மனைவியின் இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, மருந்து வாங்க அந்தக் கிளினிக்குக்குப் போன இடத்தில், அவள் என் காலைப் பற்றியும் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து ஸ்கேன் மிஷினை இழுத்து வந்தார். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற மிஷின்! எனக்கு வெட்கமாகிவிட்டது. கழுத்தில் ஜில்லென்று எதையோ பூசினார். தைலம்தானே என்று நானே நன்றாகத் தேய்த்துவிட்டேன்.

"ஐயோ அங்கிள், தேய்க்காதீங்க லா! படம் தெரியறதுக்குப் போட்டது அது."

"வலி கால்லதான் டாக்டர்."

"ரத்தக் குழாய் ஒடம்பு பூரா ஓடுதில்ல? ஒரு எடத்துல அடைப்புன்னா மத்த எடத்தையும் பார்க்கணும்."

கழுத்தைப் பார்த்து முடித்து, மிஷினின் முனையைக் காலில் வைத்தார். மருந்தடிக்கும் பம்பு போல 'புஸ், புஸ்' என்று சத்தம் வந்தது. இடது காலில் பலமாக. வலது காலில் இளைத்துப்போய்.

"நம்ம மேல் லைனுக்குத் தண்ணி வர்ற மாதிரியா டாக்டர்?" என்றாள் மனைவி. மலையிலிருந்து வரும் குழாயில் மண் சேர்ந்தால், மேல் வரிசையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சொட்டுத்தான் வரும்.

"அதே மாதிரிதான் ஆன்ட்டி. இங்க கொழுப்பு சேர்ந்திருக்கு. கழுத்துலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. அங்க அடைச்சா பக்கவாதம் வரும்."

"கழுத்து வலிக்கவே இல்லையே!"

"வலிக்காது அங்கிள். அதனாலதான் தேடிப் பார்க்கிறோம்."

மாத்திரை கொடுத்தார். சிகரெட்டை விடச் சொன்னார். அதோடு விட்டாரா? தினமும் நடக்க வேண்டுமாம். வலித்தால் நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டுமாம். நடந்தால் வலிக்கிறது என்று வந்தவனிடம் நடக்கச் சொல்கிறாரே! உட்காருகிற வேலை கேட்டதைச் சொன்னேன்.

"ஒக்காந்துட்டா கால் இன்னும் மோசமாகும். நடந்தாத்தான் பக்கத்துச் சின்னக் குழாய் வழியா ரத்தம் ஓடப் பழகும். வேணாம்னு சொல்லிடுங்க."

மறுநாளே கங்காணியிடம் வேண்டாம் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயம் தெரிந்ததிலிருந்து, மேட்டில் நான் நின்றால் மனைவியின் தம்பி பாயைப் பற்றிப் பேசுவதில்லை. "மெதுவா மச்சான், விட்டதும் போலாம்" என்கிறான்.

வலிக்கிற காலோடு நடக்கிறேன், வலிக்காத கழுத்துக்கு மாத்திரை விழுங்குகிறேன். குழப்பம் இன்னும் தீரவில்லை, ஆனால் யாராவது "எனக்கு ஒண்ணும் இல்ல லா" என்று சொல்லும்போதெல்லாம் என் காதில் கேட்பது, அன்று என் காலிலிருந்து வந்த அந்த இளைத்த சத்தம்தான்.