எண்ணெய்ச்சட்டி வைக்காத தீபாவளி

எழுபதுகளின் நடுவில், மலையாள நாட்டில் வலியசாலை அக்ரகாரத்தில் குடியிருந்தபோது, என் கணவருக்கு ஷுகர் வந்தது. வந்தது அவருக்கு, உழைத்தது நான். காலை ஐந்து மணிக்கு எழுந்து அவருக்குக் கோதுமைக் கஞ்சி, மகளுக்குச் சாதம், என் ஆபீஸ் டப்பாவில் எது மிச்சமோ அது. டைப்ரைட்டர் முன்னால் போய் உட்கார்ந்தால்தான் என் கால்களுக்கு ஓய்வு.

செருப்பு வார் கடித்து அவர் கட்டைவிரலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. அதைக் காட்டப் போய்த்தான் வியாதி தெரிந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. சோற்றைக் குறைக்க வேண்டும், இனிப்பைத் தொடக் கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது; இல்லாவிட்டால் முதலில் விரல் போகும், அப்புறம் கால் என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டுவிட்டது.

திரும்பி வரும்போது கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவர் சொன்ன முதல் வார்த்தை, "தெருவுல ஆருக்கும் சொல்லப்படாது. பொண்ணுக்கு வரன் பார்க்கணும்." அப்பாவுக்கு ஷுகர் என்றால் பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்களாம். கால் போனால் மட்டும் பேசமாட்டார்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

சாப்பாட்டை மாற்றுவது பணக்காரர்கள் சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் ஆப்பிள் என்றார். எங்கள் கொல்லையில் கொய்யா இருந்தது. டின்னில் சீந்துவாரில்லாமல் கிடந்த ரேஷன் கோதுமை சப்பாத்தியாயிற்று. சாலைக் கடைத்தெருவில் பயறு வாங்கி முளைகட்டினேன். முருங்கைக்கீரை கேட்ட வீட்டிலெல்லாம் கொடுப்பார்கள், உட்கார்ந்து ஆயத்தான் ஆள் கிடையாது. தேங்காயைப் பாதியாகக் குறைத்தேன். செலவு கூடவேயில்லை, கூடியது என் இடுப்புவலிதான். இவரோ தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"இதென்ன, மாட்டுக்கு வெக்கற மாதிரி?"

"மாடு இப்படி முனகாது," என்பேன்.

தீபாவளி வந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் முன்பே வீட்டுக்கு வீடு எண்ணெய்ச்சட்டி ஏறிவிடும். அன்றைக்குக் காலையில் பட்சணத் தட்டுகள் போகும், வரும். இனிப்பைச் செய்து அடுக்கி வைத்துவிட்டு இவரைத் தொடாதே என்று காவல் காக்க எனக்குத் தெம்பில்லை. செய்யவே வேண்டாம் என்று முடிவு கட்டினேன். கடலைச் சுண்டல், கொய்யாப்பழம், அவ்வளவுதான் பண்டிகை. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சமாதானப்படுத்தவும் தெம்பில்லை.

குளித்து விளக்கேற்றியதுமே தட்டுகள் வர ஆரம்பித்தன. வழக்கமாக ஆறோ ஏழோ வரும். அன்று பத்து மணிக்குள் பத்து. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலிருந்துகூட வந்தது. லட்டு, மைசூர்பாகு, திரட்டுப்பால் எல்லாம் இரட்டிப்பு அளவில். கொண்டு வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "மனசைத் தளர விடாதீங்கோ, கேட்டோ," என்று சொல்லிவிட்டு வாசலோடு திரும்பினார்கள். சுண்டலை நீட்டினால், "வேண்டாம், உங்காத்துலேர்ந்து இப்போ வாங்கப்படாது," என்றார்கள். இவர் வியாதி எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்தவர்கள் எதற்கு லட்டு கொண்டு வருகிறார்கள் என்று யோசிக்க மூளை ஓடவில்லை.

பதினோராவது தட்டோடு வந்த அடுத்த வீட்டு மாமிதான் வாய்விட்டுக் கேட்டாள். "ஆராக்கும் தவறிப்போனா? ஊர்லேர்ந்து தந்தி வந்துதோ?"

அப்போதுதான் புரிந்தது. சாவு நேர்ந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அவர்கள் பட்சணம் செய்யமாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் கொண்டு வந்து கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் எண்ணெய்ச்சட்டி ஏறவில்லை. வெறுங்காலோடு நடக்கக் கூடாதென்று இவர் ஒரு மாதமாகக் கோயிலுக்கும் போகவில்லை. இரண்டையும் கூட்டிப் பார்த்து, தெருவே சேர்ந்து எங்கள் சொந்த ஊரான திருநெல்வேலியில் பங்காளி ஒருவரைச் சாகடித்துவிட்டது! உண்மையைச் சொல்ல எனக்கு உத்தரவில்லை. "ஒண்ணுமில்லை மாமி," என்றேன். அவள் நம்பாமல் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உள்ளே வந்தால், இவர் நல்ல காலில் பாரத்தைப் போட்டு அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கையில் பாதி லட்டு, வாயில் மீதி. ஐம்பது வயது மனிதர், திருட்டுப் பூனை மாதிரி.

கத்தக்கூடச் சக்தியில்லை. பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாமி கேட்டதைச் சொன்னேன். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆரும் சாகாமலே இத்தனை லட்டா?"

"அடுத்த தீபாவளிக்கும் இப்படியே வரும்," என்றேன். "அப்போ நிஜமாவே நமக்குப் பண்டிகை இருக்காது. நானும் பொண்ணும் வாங்கி வெச்சுப்போம். திங்க நீங்க இருக்கமாட்டேள்."

சொன்ன பிறகு எனக்கே பகீரென்றது. நல்ல நாளில் சொல்லக் கூடாத வார்த்தை. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை, அத்தனை அலுப்பு. அவர் மெல்லுவதை நிறுத்தினார். கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டுப் போய் வெகுநேரம் கை கழுவினார்.

மத்தியானம் எதிர்வீட்டு மாமி இன்னொரு தட்டோடு வந்தாள். நான் எழுந்திருப்பதற்குள் இவர் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்.

"எங்காத்துல ஆரும் சாகலை மாமி. எனக்கு ஷுகர். அதான் இவ பண்ணலை. இதை எடுத்துண்டு போயிடுங்கோ."

மாமி தட்டோடு நின்றாள். நான் ஒரு கிண்ணம் சுண்டலைக் கொண்டு போய் அவள் லட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மகளுக்கு வரன் அமைய நாளாயிற்று. அதற்கு இதுதான் காரணமா, தெரியாது. அவருக்கு நகம் போயிற்று, விரல் தங்கிற்று. அடுத்த தீபாவளிக்கு ஏழு தட்டுகள் வந்தன, எல்லாம் சின்னத் தட்டுகள். இரண்டில் சுண்டல்கூட இருந்தது. ஏழையும் அவர்தான் வாசலில் நின்று வாங்கினார்.