தண்ணீர் தள்ளிய கோல்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது ஐந்து. நாத்தனார் விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் ஆளாகி நிற்கிறது, யாரிடமும் கைகட்டி நிற்காத மாதிரி வளர்த்தேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. என் பெயரைப் போடுவேன், பஸ் பலகையைக் கூட்டிப் படிப்பேன், அத்தோடு சரி. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். மெதுவாகத்தான் சொல்வேன். எனக்கு எங்கே ரயிலா போகப் போகிறது?

இப்போது நான் இருப்பது கும்மிடிப்பூண்டியில், பெரிய மகன் வீட்டில். போன வாரம் பேரன்கள் டிவியில் ஃபுட்பால் பார்த்தார்கள். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று மெஷின் படம் போட்டுக் காட்டியது. காட்டியும் சண்டை நிற்கவில்லை. ரெஃப்ரியைத் திட்டினார்கள், மெஷினைத் திட்டினார்கள், ஒருவனை ஒருவன் திட்டினான். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று பேத்தி கேட்டாள். அதற்காகத்தான் இது.

நான் பிறந்த குப்பம் பழவேற்காட்டு ஏரிக்குக் கிழக்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்த மணலில். வாழ்க்கைப்பட்டது மேற்குக் கரைக் குப்பத்தில். நடுவில் முழுக்க ஏரி. கோடையில் தண்ணீர் வடிந்தால் சரிபாதியில் ஒரு திட்டு எழும்பும். காலையில் பார்த்தால் அது தண்ணீரா தரையா என்றே தெரியாது. வெயில் ஏற ஏற, துலக்கிக் கவிழ்த்த தாம்பாளம் மாதிரி பளபளக்கும். தூரத்தில் பூநாரைகள் நிற்பது யாரோ ரோஸ் நிறத்தில் புடவை காயப்போட்டது போல இருக்கும். அந்தத் திட்டு யாருக்கும் சொந்தமில்லை. அதனால் இரண்டு குப்பத்து ஆட்களும் அங்கேதான் பந்து விளையாடுவார்கள்.

நான் சொல்வது ஏரியில் மோட்டார் படகு வராத காலம். எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில், ஏழாம் மாதம். மீன் மண்டிக்காரர் ஒருவர் பித்தளைக் கோப்பை ஒன்று வாங்கிக் கொடுத்து, ஜெயிக்கிற குப்பத்துக்கு என்று சொல்லியிருந்தார். கடைசி ஆட்டம் எங்கள் இரண்டு குப்பத்துக்கும். அதே நாளில்தான் எனக்கு வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாகவும் பேச்சு. எப்படியும் கிழக்குக் குப்பத்துத் தோணிகள் திட்டுக்கு வருகின்றன, ஒரே போக்குவரத்தில் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். ஆக, திட்டின் கிழக்கு ஓரத்தில், தோணிப் பலகையில் உட்கார வைத்துத்தான் எனக்கு வளையல் அடுக்கினார்கள். ஒரு பக்கம் புளிச்சோறு, தயிர்ச்சோறு. ஒரு பக்கம் இளவட்டங்கள் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். என் அண்ணன் கிழக்குக் குப்பத்துக்கு கோல் காப்பவர். என் வீட்டுக்காரர் மேற்குக் குப்பத்துக்கு முன்னால் நின்று அடிப்பவர்.

தோணிக் கழிகளை ஊன்றி கோல் கட்டினார்கள். பின்னால் கட்டிய வலை என் பிறந்த வீட்டுக் குப்பத்து வலை. கோடு போட்டது மேற்குக் குப்பத்து ஆட்கள், கிளிஞ்சல் சுண்ணாம்பில். ரெஃப்ரிக்கு மட்டும் வெளியாள் வேண்டும் என்று பொன்னேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு நீச்சல் தெரியாது. தோணியில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வரும்போதே நேரமாகிவிட்டது.

நேரமானால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் கடல்தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறும். திட்டின் கிழக்கு ஓரம்தான் முதலில் நனையும். பிறந்ததிலிருந்து தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்கள், ஒருவராவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தண்ணீர் வந்தால் பந்து நிற்கும், பந்து நின்றால் நம்ம ஆளுக்குத்தான் சௌகரியம் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். மாஸ்டருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

இரண்டாம் பாதியில் தண்ணீர் வந்தது. சத்தமில்லாமல், பாய் விரிப்பது மாதிரி. முதலில் அண்ணனின் குதிகால் நனைந்தது. அப்புறம் கணுக்கால். ஓடுகிறவர்கள் காலடியில் எல்லாம் வெளிச்சம் தெறித்தது. எனக்கு ஆட்டமே மறந்துபோயிற்று. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டுகொண்டிருந்தது, கையில் புது வளையல் குலுங்கியது, எதிரே ஆட்கள் வானத்தின் மேல் ஓடுவது போல ஓடினார்கள். கனவில் கூட நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இரண்டு பக்கமும் கோல் விழாமல் இருந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு அடி அடித்தார். அண்ணன் பாய்ந்தார், கைக்கு எட்டவில்லை. பந்து கோலுக்கு நேரே போய்த் தண்ணீரில் விழுந்து நின்றுவிட்டது. நின்ற பந்தை, ஏறி வந்த தண்ணீர் திட்டு மேட்டில் மோதித் திரும்பி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, வலைக்குள் தள்ளிக்கொண்டு போனது. அதே நேரம் விசில் ஊதியது.

மேற்குக் குப்பம் முழுக்கக் குதித்தது. கிழக்குக் குப்பம் முழுக்க, ஆட்டம் முடிந்த விசில் அது என்று கத்தியது. மாஸ்டர் தண்ணீருக்குப் பயந்து திட்டின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சார், இன்னாத்துக்கு ஊதினீங்க? கோலுக்கா, டைமுக்கா?"

"தண்ணி வருதுன்னு ஊதினேம்பா! எல்லாரும் கரைக்கு வாங்க!"

"அப்ப கோலா இல்லியா?"

"கோல்தான்."

"இன்னா சார், அங்க நின்னுக்கினு உனுக்கு தெரிஞ்சிதா? காலு அட்ச்சா கோலு. தண்ணி அட்ச்சா கோலா?" என்று அண்ணன் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஆமா, அதுவும் சரிதான். கோல் இல்ல" என்றார் மாஸ்டர்.

"இன்னாயா ஆளு நீ? தண்ணி ஏத்தத்துக்கு ஒண்ணு, வத்தத்துக்கு ஒண்ணா?" என்று மேற்குப் பக்கத்தில் ஒருவன் கூவினான்.

அப்போது என் மாமனார் முன்னால் வந்தார். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று குப்பங்கள் கூடி முறை வைத்துக்கொள்ளும். உன் முறையில் உன் வலைக்குள் தண்ணீர் எதைக் கொண்டுவந்து தள்ளுகிறதோ அது உனக்கு. அதில் வேறு பேச்சே கிடையாது. மாமனார் அதை எடுத்தார்.

"தண்ணி தள்னா இன்னாபா? உன் பாட்டுல மீன யாரு தள்றது? நீயா போயி கூப்டுக்கினு வர்ற? வலைக்குள்ள வந்தா வந்ததுதான்."

மேற்குக் குப்பம் விசிலடித்தது. என் நைனா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"நாயமான பேச்சு சம்பந்தி. வலைக்குள்ள வந்தது வலைக்காரனுக்கு. வலை யாருது? எங்குளுது. அப்ப கோலும் எங்குளுது. நாங்க ஜெயிச்சிட்டோம்."

அப்புறம் எழுந்ததே ஒரு கூச்சல்! "அப்படி ஒரு ரூலே கிடையாது" என்று மாஸ்டர் கத்தினார். "சார், நீ கம்முனு இரு. ஏரி ரூலு உனுக்கு தெரியாது" என்று இரண்டு குப்பத்து ஆட்களும் சேர்ந்து அவரை அடக்கினார்கள். அந்த நாளில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

தண்ணீர் அவர்கள் முழங்காலுக்கு வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே நின்று சண்டை போட்டார்கள். என் மாமியார் மட்டும் நேரே என் தோணிக்கு வந்தார்.

"எறங்கு மே. கோலு இல்லன்னா பொண்ணும் இல்ல. உங்கூட்டு வலை, உங்கூட்டு கோலு. எங்கூட்டு மருமவ, எங்கூட்லயே பெத்துக்குவா."

"இன்னா பேஜாரு பண்ற? வளைய அடுக்கின கையி, அனுப்ப மாட்டியா நீ?" என்று அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. முன்பு ஒரு தரம் வலைத் தகராறில் இரண்டு குப்பமும் முறித்துக்கொண்டு, இதே மேற்குக் கரையில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி தன் அம்மா முகத்தைப் பார்க்காமல் பல கோடை இருந்தாள். எதிர்க்கரையில் அடுப்புப் புகை தெரியும், போக முடியாது. எனக்கு இது முதல் பிள்ளை. அம்மா கையைப் பிடித்துக்கொள்ளாமல் நான் பெற மாட்டேன் என்று பயந்துகொண்டிருந்தவள் நான். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், தன் அப்பாவைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார்.

அப்போது மேற்குக் கரையில் மீன் விற்கிற ஒரு கிழவி கையைத் தட்டினாள். "இன்னாத்துக்கு தொண்டய கிழிச்சிக்கிறீங்க? அந்த பொண்ணு கோலுக்கு பக்கத்துலதான் குந்திக்கினு இருந்திச்சி. ரெண்டு ஊருக்கும் பொதுவு. புள்ளத்தாச்சி பொய் சொல்ல மாட்டா. அத கேளுங்க."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. எங்கள் ஜனத்தில் பிள்ளைத்தாய்ச்சி வாக்குக்கு மறுவாக்கு இல்லை. கோல் என்றால் அண்ணனும் நைனாவும் தலை குனிய வேண்டும், அவர்களோடு வந்த ஊர் என்னைத் தோணியில் ஏற்றிக்கொள்ளாது. கோல் இல்லை என்றால் மாமியார் என்னை இறக்கிவிடுவார்.

நான் பார்த்தேன்தான். என்ன பார்த்தேன் என்றால், பந்து வந்து விழுவதற்கு முன்பே கோடு இல்லை. அந்தச் சுண்ணாம்பு பால் மாதிரி கரைந்து, வெள்ளையாய் ஒரு இழை நெளிந்து நெளிந்து என் தோணியின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பந்தைவிட அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் சண்டை முடியாது, கோடு போட்டவன் யார் என்று புதுசாய் ஒன்று கிளம்பும்.

நான் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நான் பாத்தேன்" என்றேன். சத்தம் அடங்கிவிட்டது. "ஆனா இப்ப சொல்ல மாட்டேன். அம்மா ஊட்டுக்கு போயி, புள்ளய பெத்துக்கினு வந்து சொல்றேன். அதுவரிக்கும் ரெண்டு ஊரும் எப்பவும் போல இருக்கணும். எவனாச்சும் சண்ட போட்டீங்கன்னா சொல்லவே மாட்டேன்."

"இன்னாமே, கோர்ட்டு மாதிரி வாயிதா போடற?" என்றார் அண்ணன்.

"போட்டா இன்னா? நீ ஒழுங்கா புட்ச்சி இருந்தா எனுக்கு இன்னா வேல?"

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் மேற்குப் பக்கம் சிரித்தது. ஒவ்வொரு பக்கமும் நான் தங்கள் பக்கம்தான் சொல்வேன் என்று நம்பியது. ஒன்று பெற்ற ஊர், ஒன்று வாழ்கிற ஊர், நம்பத்தானே செய்யும். மாஸ்டர்தான் எல்லோரையும்விட சந்தோஷப்பட்டார். "அதுவரைக்கும் கோப்பை இந்தம்மா கையிலேயே இருக்கட்டும்" என்று அதை என் மடியில் வைத்துவிட்டு, ஓடிப்போய்த் தோணியில் ஏறிக்கொண்டார். மாமியார் என் துணிமூட்டையைத் தானே தூக்கிக் கொடுத்தார். "சீக்கிரமா பெத்துக்கினு வா" என்று மட்டும் சொன்னார்.

கழி ஊன்றித் தோணி கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். திட்டே இல்லை. தண்ணீருக்கு மேல் நாலு கழி, இரண்டு வலை, இடுப்பளவு நனைந்த ஆட்கள். கோப்பைக்குள் கொஞ்சம் ஏரித்தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான் வாழ்ந்த வாழ்வை யாரும் வாழ்ந்திருக்க மாட்டார்கள். மேற்கிலிருந்து மடவை மீன் வரும், "அக்கா நல்லா சாப்டட்டும், நாபகமும் வச்சிக்கட்டும்" என்று சொல்லி அனுப்புவார்கள். அதைப் பார்த்துக் கிழக்கில் நண்டு கொண்டுவந்து போடுவார்கள். முறித்துக்கொள்ள வேண்டிய ஊர்கள் இரண்டும் என் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டன. பிள்ளை பிறந்தது, பெண். அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் பெற்றேன். அவசரத்துக்குச் சொம்பு கிடைக்காமல் அந்தக் கோப்பையில்தான் வெந்நீர் மொண்டு பிள்ளைக்கு முதல் தண்ணீர் ஊற்றினார்கள்.

பிள்ளையோடு திரும்பிய அன்று மேற்குக் கரை முழுக்க ஆள். என் பின்னால் கிழக்குக் குப்பத்துத் தோணிகள் வரிசையாக வந்தன. நான் கால் வைப்பதற்குள் ஒருவன் கேட்டான். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

"அக்கா, கோலா இல்லியா?"

நான் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்தேன். மெதுவாகத்தான் இறங்கினேன். கோப்பையைக் கரையில் வைத்தேன்.

"பந்து வர்றதுக்கு முன்னாடியே கோடு கரஞ்சி போச்சி. கோடே இல்லாத எடத்துல இன்னா கோலு, இன்னா கோலு இல்ல?"

நைனா துப்பிவிட்டு ஆரம்பித்தார். "கோடு போட்டது யாரு சுண்ணாம்பு, சம்பந்தி?"

"சுண்ணாம்பு எங்குளுது. கடல் யாரு பக்கம் கீது? உங்க பக்கம். தண்ணிய உட்டது யாரு?"

தொடங்கிவிட்டார்கள். ஆனால் இரண்டு குப்பத்துத் தோணிகளும் ஒரே முளையில் கட்டியிருந்தன. எல்லோருக்கும் சேர்த்து உலை வைத்தாயிற்று. சாப்பிடும்போதும் அதையே பேசினார்கள். அடுத்த பிள்ளைக்கும், அதற்கடுத்த பிள்ளைக்கும் அம்மா தோணியில்தான் வந்து என்னை அழைத்துப் போனாள். ஒரு தரமும் யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு தரமும் தோணியில் அந்தக் கோலைப் பற்றிச் சண்டை நடந்தது. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன்.

போதும் கண்ணு, பேனாவை மூடு. நான் பலகையில நிமிர்ந்து குந்திக்கினு ரெண்டு ஊருக்கும் சொன்னேன் பாரு, அந்த எடத்த படி. சத்தமா படி. உள்ள உங்க தாத்தா காதுலயும் உழட்டும், அந்தாளு இன்னும் கோலுன்னுதான் சொல்லிக்கினு கீறாரு.