பதினாலணா நிச்சயம்

இண்டர்மீடியட் ரிசல்ட் வந்த அன்னிக்கு எங்க கணக்கு வாத்தியார் என் மார்க்கை ஒரு துண்டுக் காகிதத்துல எழுதினார். பக்கத்துலயே போன வருஷம் பட்டணத்து இஞ்சினீயரிங் காலேஜ்ல சேர்ந்த பசங்க மார்க்கையும் எழுதினார். "கணக்குல நீ ஜாஸ்தி, இங்கிலீஷ்ல கொஞ்சம் கம்மி. பரவாயில்லை, ரூபாய்க்குப் பதினாலணா நிச்சயம்ப்பா"ன்னார்.

கூட வந்திருந்த நைனா அந்தக் காகிதத்தை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். அவர் ஆம்பூர்ல ஒரு டேனரியில சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி. தோல்ல மயிர் உதிர ஊறப்போடுற தொட்டி அது. மீதி ரெண்டணாவும் இண்டர்வியூவுக்குன்னு வாத்தியார் நினைச்சிருந்தார். என் கணக்கு வேற. அப்ளிகேஷனோட டாக்டர் சர்டிபிகேட் வைக்கணும், ரெண்டு கண்ணும் பழுதில்லாம இருக்கணும்னு அச்சடிச்சே போட்டிருந்தான். என் இடது கண்ணுல வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. அது என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

ஒன்பது வயசுல, லீவு நாள்ல, அம்மா வேணாம் வேணாம்னு தலையில அடிச்சிக்கிட்டும் கேக்காம நைனா என்னை டேனரிக்குக் கூட்டிட்டுப் போனார். தொட்டியில யாரோ தோலை வீச, சுண்ணாம்புத் தண்ணி தெறிச்சு கண்ணுல விழுந்துடுச்சு. குடம் குடமா ஊத்திக் கழுவினார். "தெரியுதாடா? சொல்லுடா, தெரியுதா?"ன்னு கேட்ட அவர் மொகத்தைப் பார்த்தே பயந்துபோய், தெரியுதுன்னுட்டேன். வீட்ல வந்து தூசி விழுந்துச்சுன்னு ரெண்டு பேரும் சொன்னோம். அந்தப் பொய்யை எட்டு வருஷம் கட்டிக் காப்பாத்தினேன். கிளாஸ்ல பெஞ்சுக்கு இடது ஓரமாத்தான் உக்காருவேன். எவன் கூப்பிட்டாலும் வலப்பக்கத்துலேர்ந்துதான் கூப்பிடணும் பாருங்க.

வாத்தியார் சொன்னதைக் கேட்டு அம்மா சும்மா இருந்தாளா? தெரு முழுக்கச் சொல்லிட்டா. எதிர்வீட்டு பாய், "இன்னா இஞ்சினீயர், பாலாத்துல பாலம் எப்போ கட்டப்போறே?"ன்னு தினம் கேப்பார். சிரிச்சு வைப்பேன்.

டாக்டரைப் பார்க்க வேலூருக்கு நைனாவும் வந்தார். வேணாம்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல. சுவத்துல எழுத்து அட்டை மாட்டியிருந்துச்சு. மொதல்ல இடது கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கச் சொன்னார் டாக்டர். வாசிச்சுக்கிட்டே அத்தனை வரிசையையும் மனப்பாடம் பண்ணிட்டேன். வலது கண்ணை மூடினதும் கடகடன்னு ஒப்பிச்சேன்.

டாக்டர் கிட்ட வந்து என் இடது கண்ணையே உத்துப் பார்த்தார். அப்புறம் அவர் நடந்து போனது காதுல விழுந்துச்சு. "இன்னொரு தடவை வாசி, வலது கண்ணு மூடியே இருக்கட்டும்"ன்னார். ஒரு எழுத்து விடாம மறுபடியும் ஒப்பிச்சு முடிச்சேன். கையை எடுத்துப் பார்த்தா, அட்டை டாக்டர் கையில இருக்கு. நான் வாசிச்சது வெறும் சுவத்தை. வாசப்படியில நைனா நின்னுக்கிட்டிருந்தார்.

"எப்போலேர்ந்து?"ன்னு டாக்டர் என்னைக் கேட்டார்.

"சுண்ணாம்பு, சார்"னார் நைனா.

இதுக்குக் கையெழுத்துப் போட முடியாதுன்னு டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டார். காட்பாடியில ரயில் ஏறினோம். ஆம்பூர்ல இறங்கி எங்க தெரு வந்ததும் நைனா என் சட்டையைப் பிடிச்சு நிறுத்தினார். அடிக்கப் போறார்னு நினைச்சேன்.

"அம்மாகிட்ட கண்ணைப் பத்தி வேணாம்டா. பட்டணத்துப் பசங்க மார்க்கு ஜாஸ்தியாம், வாத்தியாரே இடம் கிடைக்காதுன்னுட்டாராம்னு சொல்லிடுடா"ன்னார். மேஸ்திரின்னா டேனரியே நடுங்கும். அவர் குரல் நடுங்கி அன்னிக்குத்தான் கேட்டேன்.

அதையேதான் சொன்னேன். அம்மா ரெண்டு பேருக்கும் சோறு போட்டுக்கிட்டே, "இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கலாமேடா"ன்னா.

நைனா சோத்துல வெச்ச கையை எடுக்கவே இல்ல.

"ஆமாம்மா"ன்னேன்.